வேலைக்குள் விளையாட்டைக் கொண்டுவந்த பாரதியார்

மணியாச்சி என்றதும் பலருக்கு நினைவு வருவது துப்பாக்கிச் சத்தம்.

1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி. மணியாச்சி ரெயில் சந்திப்பில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டு வீழ்த்தினார் வாஞ்சிநாதன். தன்னையும் சுட்டுக்கொண்டு அங்கேயே உயிர் விட்டார். அந்த ரெயில் நிலையத்துக்கு இப்போது வாஞ்சி மணியாச்சி என்று பெயர்.

அதே கரிசல் மண்ணில், மணியாச்சிக்கு வடக்கே இருக்கிறது எட்டயபுரம். அங்கே பிறந்த ஒருவரும் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்தார். அவர் கையில் துப்பாக்கி இல்லை. பேனா இருந்தது. அந்தப் பேனாவில் நெருப்பு இருந்தது, சிரிப்பும் இருந்தது.

அவர்தான் மகாகவி சுப்பிரமணிய பாரதியார்.

முறுக்கிய மீசை, தலைப்பாகை, கனல் வீசும் கண்கள்! இந்தப் படம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர், விளையாடத் தெரிந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அலுப்புத் தட்டும் வேலையையும் விளையாட்டாக மாற்றிக் கொண்டவர் அவர். அதற்காக அவர் கொடுத்த விலையும் கொஞ்சம் அல்ல.

விளையாடாத சிறுவன்

1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி பாரதியார் பிறந்தார். வீட்டில் அழைத்த பெயர் சுப்பையா. தந்தை சின்னசாமி அய்யர், எட்டயபுரம் அரண்மனையில் செல்வாக்கு உள்ளவர். தாயார் லட்சுமி அம்மாள். சுப்பையாவுக்கு 5 வயதாகும்போதே தாயார் இறந்துவிட்டார்.

தந்தைக்கு மகன் மீது பாசம் உண்டு. ஆனால் கண்டிப்பு அதிகம். மகன் கணக்கும் இங்கிலீசும் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று விரும்பினார். தெருப் பிள்ளைகளோடு ஓடி ஆட அனுமதி இல்லை. மற்றப் பிள்ளைகள் குதித்து விளையாடுவதைத் தூரத்தில் நின்று பார்ப்பான் சுப்பையா. புத்தகம் மட்டுமே துணை.

இந்த ஏக்கம் அவர் மனதை விட்டு அகலவே இல்லை. வளர்ந்து பெரியவரான பிறகு, தம் இளமைக் காலத்தைப் பாட்டாக எழுதினார். தோழர்கள் இல்லாமல் தனியாக வாடிய வேதனையை அதில் மறக்காமல் சொல்லி இருக்கிறார்.

தந்தைக்கும் ஒரு கனவு இருந்தது. கரிசல் காட்டில் விளையும் பருத்தியை இங்கேயே அரைக்க வேண்டும் என்று எட்டயபுரத்தில் ஆலை தொடங்கினார். வெள்ளைக்கார வியாபாரிகளின் போட்டிக்கு முன்னால் அது நிற்கவில்லை. போட்ட பணம் எல்லாம் போயிற்று. மனம் உடைந்த சின்னசாமி அய்யர் 1898-ல் காலமானார்.

அப்போது பாரதியாருக்கு 15 வயது. அதற்கு முந்திய ஆண்டுதான் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளுடன் திருமணம் நடந்திருந்தது. மணமகளுக்கு வயது 7!

அரண்மனை உத்தியோகம்

சுப்பையாவுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைத்தது 11-வது வயதில். எட்டயபுரத்தில் புலவர்கள் கூடிய சபையில் அந்தப் பட்டம் சூட்டப்பட்டது.

அந்த நாளைப் பற்றிய ஒரு கதை இன்றும் அந்த வட்டாரத்தில் வழங்குகிறது. வயதில் மூத்த ஒருவர், பாரதியைச் சிறு பயல் என்று கேலி செய்யும் கடைசி அடியைக் கொடுத்து, வெண்பா பாடச் சொன்னாராம். பாரதி தயங்கவில்லை. அதே அடியை வைத்து, சொல்லைப் பிரித்துப் பொருளை மாற்றிப் பாடினார். கேலி, கேலி செய்தவர் மீதே போய் விழுந்தது! சபை சிரித்தது. பிறகு அந்த மூத்தவர் மனம் வருந்தக் கூடாதே என்று, தம்மையே தாழ்த்தி இன்னொரு வெண்பாவும் பாடினாராம். சிரிக்க வைக்கவும் தெரியும், புண்ணை ஆற்றவும் தெரியும் என்பதே இந்தக் கதையின் கருத்து.

தந்தை இறந்த பிறகு காசிக்குப் போனார் பாரதியார். அங்கே அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். 1902 வாக்கில் எட்டயபுரம் ஜமீன்தார் அழைக்கவே, ஊருக்குத் திரும்பினார். அரண்மனையில் வேலை கிடைத்தது.

என்ன வேலை? ஜமீன்தாருக்குப் பத்திரிகைகளும் புத்தகங்களும் படித்துக் காட்ட வேண்டும். பேச்சுத் துணையாக இருக்க வேண்டும். உடம்பு நோகாத வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் பாரதியாரால் அங்கே இருக்க முடியவில்லை. ஒருவர் பேசினால் பத்துப் பேர் தலையாட்டும் இடம் அது. அங்கே சிரிப்பு உண்டு. ஆனால் எஜமானர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிக்க வேண்டும்!

அப்படிப்பட்ட சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. 1904-ல் வேலையை விட்டார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, புதுச்சேரியில் இருந்தபோது ஒரு நகைச்சுவைக் கதை எழுதினார். சின்னச் சங்கரன் கதை என்பது அதன் பெயர். ஒரு கற்பனை ஜமீனையும், அங்கே பொழுது போக்கும் முகஸ்துதிக்காரர்களையும், அரைகுறைப் புலவர்களையும் அதில் வெளுத்து வாங்கினார். அரண்மனையில் அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் அந்தக் கதையில் வெளியே வந்தது.

தந்தியும் மொழிபெயர்ப்பும்

அரண்மனையை விட்டதும் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழ் ஆசிரியர் ஆனார். சுமார் 3 மாதம்தான் அந்த வேலை. 1904 நவம்பரில் சென்னைக்கு ரெயில் ஏறினார். சுதேசமித்திரன் தினப் பத்திரிகையில் உதவி ஆசிரியர் பதவி கிடைத்தது. பத்திரிகையின் ஆசிரியர் ஜி.சுப்பிரமணிய அய்யர்.

பத்திரிகை வேலை என்றால் சுகமான வேலை என்று நினைக்க வேண்டாம். இங்கிலீசில் வரும் தந்திச் செய்திகளைத் தமிழில் எழுத வேண்டும். தலைவர்களின் நீண்ட பிரசங்கங்களை மொழிபெயர்க்க வேண்டும். நாள் தவறாமல், நேரம் தவறாமல் செய்ய வேண்டும். கவிஞருக்கு இது கசப்பான மருந்துதான். ஆனால் அந்த மருந்துதான் அவருக்கு எளிய தமிழைப் பழக்கியது.

1906-ம் ஆண்டு மே மாதம் இந்தியா என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. மண்டயம் குடும்பத்தார் நடத்திய பத்திரிகை அது. அதில் பாரதியாரின் கை ஓங்கி இருந்தது. சிவப்புக் காகிதத்தில் அச்சிட்டார்கள். கடையில் தொங்கினால் தூரத்தில் வரும்போதே தெரியும்!

அதைவிடப் பெரிய புதுமை ஒன்று முதல் பக்கத்தில் இருந்தது. அதுதான் கேலிச் சித்திரம்.

முதல் பக்கத்தில் சிரிப்பு

அந்தக் காலத்தில் லண்டனில் பஞ்ச் என்ற பத்திரிகை கேலிச் சித்திரங்களுக்குப் பேர் போனது. பம்பாயில் இந்தி பஞ்ச் என்ற பத்திரிகை வந்தது. தமிழில் அரசியல் கேலிச் சித்திரத்துக்கு வழி திறந்தது பாரதியாரின் இந்தியா பத்திரிகைதான்.

கருத்தைப் பாரதியார் சொல்வார். ஓவியர் வரைவார். கீழே படத்துக்கு விளக்கம் அச்சாகும். வெள்ளைக்கார அதிகாரிகளின் அடக்குமுறை, அன்னியத் துணி மோகம், விண்ணப்பம் போட்டே சுயராஜ்யம் வாங்கிவிடலாம் என்று நம்பிய மிதவாதிகள் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தில் இடம் உண்டு.

சிரிப்புப் படம் எதற்கு? அன்று தமிழ்நாட்டில் எழுத்துத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. தலையங்கத்தை எல்லோராலும் படிக்க முடியாது. படத்தை எல்லோரும் பார்க்கலாம். எழுத்துத் தெரிந்த ஒருவர் விளக்கத்தைப் படித்தால், சுற்றி நிற்கும் பத்துப் பேருக்குப் புரியும். ஒரு முறை சிரித்துவிட்டால் பயம் போய்விடும். பயம் போய்விட்டால் ராஜாங்கம் என்ன செய்யும்?

இதை அரசாங்கமும் புரிந்து கொண்டது. 1908-ல் இந்தியா பத்திரிகை மீது வழக்குப் பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்தவர் கைதானார். அடுத்து பாரதியார்தான் என்று நண்பர்கள் பயந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விடும்படி சொன்னார்கள். பாரதியார் போனார்.

தமக்குப் பதிலாக இன்னொருவர் சிறைக்குப் போன அந்தச் சம்பவம் பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பல விதமாக எழுதுகிறார்கள். அந்தப் பத்திரிகையின் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சிறைக் கதவும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

புதுச்சேரியில் இருந்து இந்தியா மறுபடி வெளிவந்தது. கேலிச் சித்திரமும் தொடர்ந்தது. முழுவதும் சித்திரங்களே கொண்ட பத்திரிகை ஒன்றை நடத்தவும் பாரதியார் திட்டம் போட்டார். சித்ராவளி என்று பெயரும் வைத்தார். ஆனால் பிரிட்டிஷ் எல்லைக்குள் இந்தியா பத்திரிகை வருவதைத் தடுத்தார்கள். வாசகர்கள் இங்கே, பத்திரிகை அங்கே! 1910 மார்ச் மாதத்தோடு இந்தியா நின்றது. சித்ராவளி பிறக்கவே இல்லை.

தராசு பேசியது!

பத்திரிகை போயிற்று. வருமானம் போயிற்று. அடுத்த ஆண்டு மணியாச்சிச் சம்பவம் நடந்தது. புதுச்சேரியில் தங்கி இருந்த தேசபக்தர்கள் எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்தது. தெருவில் ஒற்றர்கள். தபாலுக்குக் கூடக் காவல். யார் நண்பர், யார் உளவாளி என்று தெரியாத நிலை.

இந்த நிலையில் மனிதனுக்குச் சிரிப்பு வருமா? பாரதியாருக்கு வந்தது!

1915 வாக்கில் சுதேசமித்திரனில் அவர் மறுபடி எழுதத் தொடங்கினார். தராசு என்ற தலைப்பில் ஒரு தொடர். அது ஒரு கற்பனைக் கடை. அங்கே ஒரு தராசு. அந்தத் தராசு பேசும்! பலவிதமான ஆட்கள் கடைக்கு வருவார்கள். கேள்வி கேட்பார்கள். தராசு எடை போட்டுப் பதில் சொல்லும். சில சமயம் குத்தலாகச் சொல்லும், சில சமயம் நெகிழ்ந்து சொல்லும்.

நேரடியாக எழுத முடியாத விஷயத்தைத் தராசின் வாயில் வைத்துச் சொல்லிவிடுவார். கட்டுரைக்குக் கட்டுரையும் ஆயிற்று, விளையாட்டுக்கு விளையாட்டும் ஆயிற்று. காக்கைகள் கூடிப் பார்லிமெண்டு நடத்துவதாகவும் ஒரு கதை எழுதினார்.

ஆனால் எல்லாச் சிரிப்பும் தப்பிப் பிழைக்கவில்லை. சின்னச் சங்கரன் கதையின் கையெழுத்துப் பிரதி களவு போய்விட்டது. உளவு பார்க்க வந்தவர்களின் வேலை அது என்று நண்பர்கள் எழுதி இருக்கிறார்கள். பாரதியார் கதையை மறுபடி எழுத உட்கார்ந்தார். சில அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. இன்று நமக்குக் கிடைப்பது அந்தச் சில அத்தியாயங்கள்தான்.

உழைப்போரின் பாட்டு

கரிசல் காட்டில் மழை குறைவு, உழைப்பு அதிகம். பருத்தி எடுக்க வேண்டும். கம்பு இடிக்க வேண்டும். கமலை கட்டித் தண்ணீர் இறைக்க வேண்டும். இத்தனை பாட்டையும் அந்த மக்கள் எப்படித் தாங்கினார்கள்? பாடித்தான் தாங்கினார்கள்.

ஏற்றம் இறைப்பவர் பாடுவது பொழுது போக்குக்கு மட்டும் அல்ல. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கு அந்தப் பாட்டிலேயே இருக்கும். மேலே நடப்பவரின் காலும் கீழே நிற்பவரின் கையும் ஒரே தாளத்தில் சேரும். இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாறி மாறி உலக்கை போடும்போதும் அப்படித்தான். தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். ஆக, அங்கே பாட்டு என்பது வேலையில் ஒரு பகுதி. களைப்புக்கு மருந்து, கணக்குக்கு ஏடு, ஒற்றுமைக்குக் கயிறு.

இதைக் காது கொடுத்துக் கேட்டவர் பாரதியார். புதுச்சேரியில் எழுதிய குயில் பாட்டில், மனதைப் பறிகொடுத்த இசைகளைப் பட்டியல் போடுகிறார். அரண்மனைக் கச்சேரிகளை அங்கே காணோம்! ஏற்றப் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் பாட்டு, சுண்ணாம்பு இடிப்பவர்கள் பாட்டு, பண்ணை வேலைப் பெண்களின் பாட்டு, கும்மி ஆகியவை இருக்கின்றன.

கேட்டதோடு நிற்கவில்லை. கும்மி, நொண்டிச்சிந்து, காவடிச்சிந்து என்று மக்கள் பாடிய மெட்டுகளிலேயே தேசபக்திப் பாடல்களை எழுதினார். காவடிச்சிந்துக்குப் பேர் போன அண்ணாமலை ரெட்டியாரின் சென்னிகுளமும் அந்த வட்டாரம்தான். 1912-ல் வந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், ஓரிரு ஆண்டுகள் மட்டும் எழுத்துப் பழகியவர்களுக்கும் புரிய வேண்டும் என்று தம் ஆசையைத் தெரிவித்தார். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதிய மகாகவி அவர்!

1917-ல் நெல்லையப்பர் வெளியிட்ட கண்ணன் பாட்டில், வேலைக்காரர்களைப் பற்றி ஒரு வேடிக்கையான பாட்டு உண்டு. நேற்று ஏன் வரவில்லை என்று எஜமானர் கேட்கிறார். தேள் கடித்தது, வீட்டுக்காரிக்குப் பேய் பிடித்தது, பாட்டிக்குக் காரியம் என்று சாக்குகள் வந்து விழுகின்றன! நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. லீவு கேட்கும் சாக்குகள் மட்டும் மாறவே இல்லை. ஆனால் அந்தப் பாட்டு கேலியோடு முடியவில்லை. கண்ணனே வேலைக்காரனாக வருகிறான். நண்பனாக, ஆசானாக, தெய்வமாக ஆகிவிடுகிறான். வேலைக்காரரை மனிதராகப் பார் என்ற கருத்து, சிரிப்புக்குள் ஒளிந்து நிற்கிறது.

அடுப்பங்கரையில் கண்ணீர்

பாரதியார் வீட்டில் குழந்தைகள் வந்தால் ஆட்டமும் பாட்டும்தான். புதுச்சேரியில் அவர் வீட்டில் வளைய வந்த யதுகிரி என்ற பெண், அந்த நாட்களைப் பிற்காலத்தில் புத்தகமாக எழுதினார். இளமையில் விளையாட முடியாத சுப்பையா, பாப்பாவுக்காக எழுதிய பாட்டில், படிப்புக்கும் பாட்டுக்கும் ஒதுக்கியது போலவே விளையாட்டுக்கும் நாளில் தனி நேரம் ஒதுக்கினார்.

ஆனால் இந்தச் சிரிப்பின் சுமையைத் தாங்கியவர் ஒருவர் உண்டு. அவர் செல்லம்மாள்.

சமையலுக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்துவிட்டுப் பாடி மகிழ்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். கேட்க இனிமையான கதைதான். ஆனால் அடுப்பு மூட்டி வைத்துவிட்டு நின்ற மனைவியின் நிலை என்ன? இரண்டு பெண் குழந்தைகளுக்கு அன்று சோறு போட வேண்டியவர் அவர் அல்லவா? தங்கம்மாளையும் சகுந்தலாவையும் வளர்த்து, கடனையும் வறுமையையும் சமாளித்தவர் செல்லம்மாள். கணவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வரலாற்றைச் சொல்லி உலகுக்குக் கொடுத்தவரும் அவரே.

வேலையை விளையாட்டாக்கியவர் பாரதியார். அந்த விளையாட்டு நடக்க வீட்டைத் தாங்கியவர் செல்லம்மாள். இருவர் கதையையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு முழுமை ஆகும்.

மறுபடி அலுவலகம்

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பரில் விடுதலை. பிறகு மனைவியின் ஊரான கடையத்தில் சுமார் 2 ஆண்டு வாசம். 1920 நவம்பரில் மறுபடி சென்னை. மறுபடி அதே சுதேசமித்திரன்!

16 ஆண்டுகளுக்கு முன்னால் எந்த அலுவலகத்தில் தந்தியை மொழிபெயர்த்தாரோ, அங்கேயே மறுபடி வந்து உட்கார்ந்தார். உடல் இளைத்துவிட்டது. உற்சாகம் இளைக்கவில்லை. அரசியல் எழுதினார், வேதாந்தம் எழுதினார், ஊர் சுற்றிப் பார்த்ததை எழுதினார்.

1921-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் யானை அவரைத் தள்ளிவிட்டது. பழம் கொடுத்துப் பழகிய யானை அது. குவளைக் கண்ணன் பாய்ந்து அவரை மீட்டார். காயம் ஆறியதும் பாரதியார் மறுபடி அலுவலகம் போனார். ஈரோட்டுப் பக்கம் கருங்கல்பாளையம் சென்று கூட்டத்திலும் பேசினார்.

செப்டம்பரில் வயிற்று நோய் கண்டது. படுக்கையில் விழுந்தார். கடைசி இரவிலும் அவர் நினைவு வேலை மீதே இருந்தது. ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கானைப் பற்றிக் கட்டுரை எழுதி, விடிந்ததும் அலுவலகத்துக்கு எடுத்துப் போக வேண்டும் என்று சொன்னதாக உடன் இருந்தவர்கள் எழுதி இருக்கிறார்கள்.

விடிவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. 1921-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி, அதிகாலை. வயது 38.

அவர் விட்டுச் சென்றது

எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. கல்கியின் முயற்சியால் பொதுமக்கள் பணத்தில் எழுந்த மணிமண்டபம் 1947-ல் திறக்கப்பட்டது.

இப்போது பெரிய கம்பெனிகளில் ஊழியர்களுக்கு ஆட்டம், பாட்டம், சிரிப்பு என்று தனி நேரம் ஒதுக்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் எஜமானர் சொன்னதும் சிரிக்கும் சிரிப்பு வேறு. மனதில் பயம் போனதால் வரும் சிரிப்பு வேறு. முதலாவது சிரிப்பை எட்டயபுரம் அரண்மனையில் விட்டுவிட்டு வந்தார் பாரதியார். இரண்டாவது சிரிப்பைச் சிவப்புக் காகிதத்தில் அச்சிட்டு வாரம்தோறும் ஊருக்குக் கொடுத்தார்.

கருத்துப் படம் இல்லாத தமிழ்ப் பத்திரிகையை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? காலையில் தேநீர்க் கடையில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். பக்கத்தில் இருப்பவரும் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். பிறகு இருவரும் எழுந்து அவரவர் வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சிரிப்புக்கு 1906-ல் வித்துப் போட்டவர், தெருவில் விளையாட அனுமதி கிடைக்காத எட்டயபுரத்துச் சிறுவன் சுப்பையா!